தண்ணியில்லாக் காட்டில் ஒரு காரும் ஒரு டப்பா மெழுகும்

"தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்!"

மேலதிகாரிக்குக் கோபம் வந்தால் சொல்லும் பழைய வசனம் இது. சினிமாவிலும் எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். அந்தக் காடு எது தெரியுமா? பழைய ராமநாதபுரம் மாவட்டம்தான். அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் 1985 வரை அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. அந்த வருடம் மாவட்டத்தைப் பிரித்தபோது இன்றைய விருதுநகர் மாவட்டத்துக்கு வந்துவிட்டன. மாவட்டத்தின் பெயர் மாறியது. கோடைக்காலத்தில் குழாயடியில் நிற்கும் குடங்களின் வரிசை மட்டும் அவ்வளவாக மாறவில்லை.

சரி, இந்த ஊருக்கும் கார் பளபளப்புக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. காரைக் கழுவித் துடைத்த பிறகு கடைசியாக அதன் மேல் என்ன பூசுவது என்பது உலகம் முழுக்க கார்ப் பிரியர்கள் சண்டை போடும் விஷயம். மெழுகா (வாக்ஸ்)? சீலண்டா? மற்ற ஊர்களில் இது அழகைப் பற்றிய கேள்வி. திருச்சுழிப் பக்கம் இது குடத்தைப் பற்றிய கேள்வி. எப்படி என்று பார்க்கலாம்.

பானெட்டில் வந்த அம்மைத் தழும்பு

திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே ஒரு வாடகைக் கார்க்காரர். ஊரில் எல்லோருக்கும் அவர் 'டிரைவர்'தான். தவணையில் வாங்கிய பழைய கார். கருநீல நிறம். மதுரை ஆஸ்பத்திரிக்கு ஆட்களைக் கூட்டிப் போவது, அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்குபவர்களை ஊருக்குக் கொண்டு வருவது, முகூர்த்த நாட்களில் மாப்பிள்ளை அழைப்பு. இவைதான் பிழைப்பு.

பங்குனி மாதத்தில் ஒரு மத்தியானம், சவாரி முடித்து வந்தவர் போர் மோட்டாரைப் போட்டு டியூபால் காரை நன்றாகக் குளிப்பாட்டினார். துடைக்கவில்லை. "வெயில் அடிக்குது, தானா காஞ்சிரும்" என்று சாப்பிடப் போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால் பானெட் முழுக்க வெள்ளை வெள்ளையாக வட்டங்கள். துணியால் தேய்த்தார். போகவில்லை.

இது என்ன வட்டம்? வெந்நீர் போடும் அண்டாவின் உள்பக்கம் பாருங்கள். வெள்ளையாகப் பொருக்குப் படிந்திருக்கும். அதே சரக்குதான் இது. உப்புத்தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் எல்லாம் கரைந்திருக்கின்றன. தண்ணீர் ஆவியாகிப் போகும். உப்பு எங்கே போகும்? சொட்டு நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிடும். உடனே பார்த்தால் வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, நிழலில் வைத்துத் துடைத்து எடுத்துவிடலாம். ஆனால் சுடுகிற தகரத்தின் மேல் அது திரும்பத் திரும்பக் காய்ந்தால் பெயிண்டையே கடித்துக் குழி போட்டுவிடும். அதற்கப்புறம் வினிகர் அல்ல, எதை ஊற்றினாலும் போகாது.

டிரைவரின் மனைவி அந்த வட்டங்களுக்கு வைத்த பெயர், 'அம்மைத் தழும்பு'.

வைகாசியில் ஒரு கல்யாண வீட்டார் வண்டியைப் பார்க்க வந்தார்கள். பெரியவர் ஒருவர் பானெட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டியாப்பா?" என்று மட்டும் கேட்டார். வேறு வண்டி பேசிக்கொண்டார்கள். தவணை கட்ட வேண்டிய மாதத்தில் ஒரு நல்ல சவாரி போயிற்று.

பாலிஷ் வேறு, மெழுகு வேறு

நம் ஊரில் எல்லாவற்றுக்கும் 'பாலிஷ் போடுறது' என்று ஒரே பெயர். குழப்பம் தொடங்குவதே இங்கேதான்.

பாலிஷ் என்பது தேய்த்து எடுப்பது. அதில் மிக நுண்ணிய மணல் போன்ற துகள்கள் இருக்கும். அவை மேல்பரப்பைச் சீவி, கீறலின் ஓரங்களை மழுங்கச் செய்யும். மெழுகும் சீலண்டும் சேர்ப்பது. அவை எதையும் சீவாது. மேலே ஒரு படலமாக உட்கார்ந்துகொள்ளும். முதலாவது சவரம், இரண்டாவது பவுடர் பூசுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சவரம் செய்ய எவ்வளவு சதை இருக்கிறது என்று தெரிய வேண்டாமா? காரின் தகரத்தின் மேல் முதலில் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு, பிறகு பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத 'கிளியர் கோட்'. பளபளப்பு முழுவதும் இந்தக் கடைசி அடுக்கில்தான் இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் சரக்கும் இதில்தான் கலந்திருக்கிறது. இதன் கனம் சுமார் 40 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமுடியைவிட மெல்லியது! ஒவ்வொரு முறை மெஷின் வைத்துத் தேய்க்கும்போதும் இதில் கொஞ்சம் போய்விடும். போனது திரும்பி வராது.

டிரைவர் ஒரு கடையில் காரை விட்டார். காம்பவுண்டு போட்டு மெஷினால் தேய்த்துக் கொடுத்தார்கள். கண்ணாடி மாதிரி இருந்தது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஆடிக் காற்றில் வந்த புழுதியும் அதை அவர் பனியன் வேஸ்ட்டால் காயக் காயத் துடைத்ததும் சேர்ந்து, சிலந்தி வலை போலக் கீறல்கள் விழுந்துவிட்டன. ஆழமான வட்டங்களும் மறுபடி எட்டிப் பார்த்தன. அவை போகவே இல்லை, எண்ணெய்ப் பசையில் ஒளிந்துகொண்டிருந்தன, அவ்வளவுதான்!

பாவுக்குக் கஞ்சி

அப்படியானால் மெழுகு எதற்கு? அருப்புக்கோட்டைக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். நெசவு ஊர் அல்லவா!

தறியில் ஏற்றுவதற்கு முன் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவார்கள். எதற்கு? தறியில் நூல் உரசும். கஞ்சி இல்லாவிட்டால் நூல் சிலும்பி அறுந்துபோகும். கஞ்சி தன்மேல் உரசலை வாங்கிக்கொண்டு நூலைக் காப்பாற்றுகிறது. துணியை அலசினால் கஞ்சி போய்விடும். போனால் போகட்டும், அதன் வேலை முடிந்தது.

மெழுகும் சீலண்டும் காருக்குப் போடும் கஞ்சி. காக்கை எச்சம், புளியமரத்துப் பிசின், சுண்ணாம்புப் புழுதி, உப்புத்தண்ணீர் எல்லாம் முதலில் அதைத்தான் தொட வேண்டும். அது தேய வேண்டும், கிளியர் கோட் தேயக் கூடாது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "எது அதிகமாகப் பளபளக்கும்?" என்பது அல்ல. "எது இந்த ஊரில் அதிக நாள் நிற்கும்?" என்பதுதான்.

மெழுகு வந்த வழி: இன்னொரு வறண்ட காடு

கார் மெழுகு டப்பாக்களில் 'கார்னாபா' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது ஒரு பனை இனத்து மரம். பிரேசிலின் வடகிழக்கில், சியாரா, பியாவி போன்ற மாநிலங்களில் வளர்வது. அந்தப் பகுதி நம் திருச்சுழிக்குச் சொந்தக்காரன் போல! வருடத்தில் சில மாதம் மழை, மீதி மாதம் காய்ச்சல். அந்த வெயிலில் ஓலையில் இருக்கும் ஈரம் ஆவியாகிப் போகாமல் இருக்க, மரம் தன் ஓலை மேல் தானே மெழுகைப் பூசிக்கொள்கிறது. காய்ந்த மாதங்களில் ஓலையை வெட்டி, வெயிலில் உலர்த்தி, தட்டினால் மாவு மாதிரி உதிரும். அதை உருக்கி வடிகட்டினால் கார்னாபா மெழுகு.

நம் ஊரில் இதன் சின்ன மாதிரியைப் பார்க்க வேண்டுமா? ஆமணக்குச் செடியின் தண்டை விரலால் தடவிப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி ஒட்டும். அதுவும் மெழுகுதான். வறண்ட பூமியில் செடிகளே கண்டுபிடித்துவிட்ட தந்திரம் இது.

இந்த மெழுகுக்கு இருந்த மதிப்பைப் பாருங்கள். 1935-ல் அமெரிக்காவின் ரஸீன் நகரத்து மெழுகுக் கம்பெனி முதலாளி எச்.எஃப். ஜான்சன் ஜூனியர், இந்த மரத்தைத் தேடி நீரிலும் நிலத்திலும் இறங்கக்கூடிய சிறிய விமானத்தில் பிரேசில் வரைக்கும் போய் வந்தார். தரைக்குப் போடும் மெழுகு விற்றுப் பெரிய ஆளான கம்பெனி அது.

கார்னாபா உருகுவதற்கு 82 முதல் 86 டிகிரி செல்சியஸ் வேண்டும். தேன்மெழுகு 62, 64 டிகிரியிலேயே உருகிவிடும். இயற்கை மெழுகுகளில் கார்னாபா கெட்டிக்காரன் என்பது உண்மை. ஆனால் ஒரு ரகசியம்: சுத்தமான கார்னாபா செங்கல் மாதிரிக் கெட்டி. அதைக் காரில் தேய்க்கவே முடியாது. எண்ணெயும் கரைப்பானும் மற்ற மெழுகுகளும் கலந்துதான் டப்பாவில் அடைக்க முடியும். டப்பாவில் 'நூறு சதவீதம் கார்னாபா' என்று போட்டிருந்தால், உள்ளே இருக்கும் கார்னாபா கலப்படம் இல்லாதது என்று அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டுமே தவிர, டப்பா முழுவதும் அதுதான் என்று நம்பிவிடக் கூடாது.

வெயிலில் நிற்கும் கருத்த நிற வண்டியின் பானெட் 70 டிகிரியைக்கூடத் தொடும். மற்ற சரக்கோடு கலந்த மெழுகு அந்தச் சூட்டில் எத்தனை நாள் தாங்கும்? நிழலில் நிற்கும் வண்டியில் ஒன்றரை, இரண்டு மாதம் தாங்கும் மெழுகு, வெயிலிலேயே கிடக்கும் வாடகைக் காரில் சில வாரங்களில் காணாமல் போய்விடும்.

சீலண்ட் என்பது என்ன?

சீலண்ட் மரத்திலிருந்து வருவது அல்ல. ரசாயனச் சாலையில் செய்த பாலிமர். பூசிக் காயவிட்டால் பெயிண்ட் மேல் பிடித்துக்கொண்டு மெல்லிய வலை போல இறுகும். சூட்டையும் சோப்பையும் மெழுகைவிட அதிகமாகத் தாங்கும். நாலு மாதம், ஆறு மாதம் என்று நிற்கும். மெழுகு கொடுக்கும் அந்த ஆழமான, எண்ணெய் தேய்த்துக் குளித்த மாதிரி மினுமினுப்பு இதில் கொஞ்சம் குறைவு என்று கார்ப் பிரியர்கள் சொல்வார்கள். வெள்ளைக் காரில் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பவருக்குப் பரிசே கொடுக்கலாம்!

இவை இரண்டையும் தாண்டி 'செராமிக் கோட்டிங்' வந்துவிட்டது. வருடக் கணக்கில் நிற்கும். ஆனால் செலவு அதிகம். பூசுவதற்கு முன் கீறல்களை எல்லாம் எடுத்துப் பரப்பைச் சரி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கீறலுக்கு மேலேயே கண்ணாடி போட்ட கதைதான். இன்னொன்று, செராமிக் போட்ட காரிலும் உப்புத்தண்ணீரைக் காயவிட்டால் வட்டம் விழும். அது மந்திரம் அல்ல.

முத்து முத்தாய் நின்ற ஆபத்து

டிரைவருக்கு ஓர் அக்கா மகன். மதுரையில் இன்ஜினியரிங் படிப்பவன். ஆடி மாதக் கடைசியில் ஊருக்கு வந்தவன் பானெட்டைப் பார்த்துத் திகைத்துப் போனான்.

"என்ன மாமா, வண்டி இப்பிடி ஆயிருச்சு?"

"குளிப்பாட்டுனதுக்குக் கெடச்ச பரிசு மாப்ள."

அடுத்த வாரமே ஒரு டப்பா கார்னாபா மெழுகோடு வந்துவிட்டான். பூசித் துடைத்ததும் மாமா முகத்தில் சந்தோஷம். தண்ணீர் தெளித்துக் காட்டினான். சொட்டுகள் முத்து முத்தாக உருண்டு நின்றன. விளம்பரப் படங்களில் வருமே, அதே மாதிரி!

அந்த முத்துதான் வினை. மறுநாள் பதினோரு மணி வெயிலில், பழைய பழக்கத்தில், டிரைவர் போர் தண்ணீரை அடித்தார். ஒவ்வொரு முத்தும் நின்ற இடத்திலேயே காய்ந்து ஒரு வெள்ளை வட்டமாக மாறியது. தண்ணீர் பரவி நின்றால் உப்பும் பரவி மெல்லியதாகப் படியும். முத்தாக நின்றால் அத்தனை உப்பும் ஒரே புள்ளியில் இறங்கும். மழைத்தண்ணீர் ஊரில் முத்து அழகு. உப்புத்தண்ணீர் ஊரில் முத்து தழும்பு.

மாப்பிள்ளைக்குப் போனில் நல்ல திட்டு கிடைத்தது. ஆனால் அவன் அப்போதுதான் யோசிக்க ஆரம்பித்தான்.

அத்தை போட்ட கணக்கு

இந்த இரண்டாவது விபத்துக்குப் பிறகு டிரைவர் போர் தண்ணீரைத் தொடுவதில்லை. விலைக்கு வாங்கும் நல்ல தண்ணீரில் காரைக் கழுவ ஆரம்பித்தார். ஒரு தடவைக்கு நாலு குடம். வாரம் இரண்டு தடவை. குடம் 10 ரூபாய்.

அடுத்த முறை ஊருக்கு வந்த மருமகனிடம் அத்தை பிடித்துக்கொண்டார்.

"தண்ணி வண்டி எப்ப வரும்னு வாசல்லயே காத்துக் கெடக்குறது நானு. இவரு அந்தத் தண்ணியத் தூக்கி காரு மேல ஊத்துறாரு. வாரம் எட்டுக் குடம்! காரு என்ன காய்ச்சல்லயா கெடக்கு, ஒத்தடம் குடுக்க?"

"அத்த, நான் ஒரு வழி பண்றேன்."

"நீ பண்ணுன வழியெல்லாம் பாத்தாச்சு ராசா."

வாரம் 8 குடம் என்றால் நாலு வாரத்துக்கு 32 குடம். 320 ரூபாய். பணம்கூடப் பெரிதில்லை. காத்திருப்பது அவர், தூக்குவது அவர், கோடை வந்தால் அந்த 8 குடம் வீட்டுக்கே கிடைக்காது. மெழுகா சீலண்டா என்ற கேள்வி அன்றைக்குத்தான் அந்த வீட்டில் சரியான உருவத்துக்கு வந்தது: எதைப் பூசினால் குடம் குறையும்?

விடை இரண்டு பகுதியாக வந்தது. ஒன்று, பரப்பு வழுவழுப்பாக இருந்தால் புழுதி இறுகப் பிடிக்காது, ஈரத் துணிக்கே வந்துவிடும். இதற்கு மெழுகும் சரி, சீலண்டும் சரி. ஆனால் மெழுகை இந்த வெயிலில் மாதா மாதம் பூச வேண்டும். சவாரிக்கு ஓடும் மனிதருக்கு அதற்கு நேரம் ஏது? நாலைந்து மாதம் நிற்கும் சீலண்டே அவருக்குப் பொருத்தம். இரண்டாவது, கழுவும் முறையையே மாற்ற வேண்டும். அலசத் தேவையில்லாத 'ரின்ஸ்லெஸ்' திரவங்கள் இருக்கின்றன. ஒரு வாளித் தண்ணீரில் அளவு மூடியால் கொஞ்சம் கலந்தால் போதும். அதில் உள்ள பாலிமர் புழுதித் துகளைச் சுற்றிக்கொண்டு, துணி வழுக்கிப் போகும்படி செய்யும். திரும்பத் தண்ணீர் ஊற்றி அலச வேண்டாம்.

ஒரு வாளி. அதாவது ஒரு குடம்.

அவர்கள் செய்தது

ஆவணியில் ஒரு சனிக்கிழமை வேலை நடந்தது. படிப்படியாகச் சொன்னால் உங்களுக்கும் பயன்படும்.

முதலில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரால் ஒரே ஒரு முறை கழுவினார்கள். வழக்கமாக இதைக் காரில் போடக் கூடாது, போட்ட மெழுகை உரித்துவிடும். அன்றைக்குத் தேவைப்பட்டதே அதுதான். மெழுகின் மேல் சீலண்ட் பிடிக்காது. சீலண்டின் மேல் மெழுகு போடலாம், தலைகீழாகச் செய்யக் கூடாது.

பிறகு விரல் நுனியால் தடவிப் பார்த்தார்கள். சொரசொரவென்று இருந்தது. பந்தல்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள். அந்தச் சாலையில் அடிக்கடி போய் வரும் வண்டி அது. ஒட்டிய சுண்ணாம்புப் பொடி, தார்ப் புள்ளி, பிரேக் தூள் எல்லாம் சாதாரணக் கழுவலுக்கு வராது. அதற்கென்று கார்க்கடையில் கிடைக்கும் களிமண் கட்டியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, அழுத்தாமல் மெதுவாக ஓட்டினார்கள். பரப்பு கண்ணாடி போல ஆயிற்று. களிமண் கட்டி கீழே விழுந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டும், மண்ணோடு தேய்த்தால் புதுக் கீறல்தான்.

புது வட்டங்கள் வினிகருக்கு ஓடிப் போயின. பழைய வட்டங்களில் பாதி கைப் பாலிஷுக்கு மங்கின. மீதி இருந்தது. "இன்னும் தேச்சா போயிரும் மாப்ள" என்றார் டிரைவர். மருமகன் மறுத்துவிட்டான். ஏற்கெனவே ஒரு தடவை மெஷின் தேய்த்த கிளியர் கோட். தழும்பைப் போக்கப் போய்த் தோலையே உரித்துவிடக் கூடாது அல்லவா?

அதன் பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் தண்ணீர் கலந்து ஒரு துடைப்பு. பாலிஷ் எண்ணெய் மிச்சம் இருந்தால் சீலண்ட் பிடிக்காது.

சீலண்ட் பூசியது பொழுது சாய்ந்த பிறகு, தகரக் கொட்டகைக்குள். புறங்கையை பானெட்டில் வைத்துச் சூடு இல்லை என்று பார்த்த பிறகுதான். ஒரு கதவு, பிறகு அடுத்த கதவு என்று சின்னச் சின்னப் பகுதியாக, முடிந்த அளவு மெல்லியதாக. நிறையப் பூசினால் நிறைய நாள் வரும் என்பது தவறு, துடைக்கும்போது கை வலிப்பதுதான் மிச்சம். கறுப்புப் பிளாஸ்டிக் பம்பர் ஓரங்களில் படாமல் பார்த்துக்கொண்டார்கள், பட்டால் வெள்ளைக் கறை நிற்கும். டப்பாவில் சொன்னபடி இரவு முழுக்கத் தண்ணீர் படாமல் இறுகவிட்டார்கள்.

துடைப்பதற்கு பனியன் வேஸ்ட் கிடையாது. மைக்ரோஃபைபர் துணி ஆறு. அதைத் துவைத்து மண் படாமல் மடித்து வைக்கும் பொறுப்பை டிரைவரே ஏற்றுக்கொண்டார்.

வாரம் ஒரு முறை கழுவும் முறை இது. வயலுக்கு மருந்தடிக்கும் கைத்தெளிப்பான் மாதிரி ஒன்று, புதிதாக வாங்கியது (மருந்து அடித்ததை எடுத்துவிடாதீர்கள்!). அதில் ரின்ஸ்லெஸ் கலந்த தண்ணீரை எடுத்து முதலில் காரை நனைத்து ஊறவிட வேண்டும். பிறகு நனைந்த துணியால் மேலிருந்து கீழாக, அழுத்தாமல் ஒரே திசையில். துணியின் ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு முறைதான் பயன்படுத்த வேண்டும். உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஒரு சொட்டுகூடத் தானாகக் காயக் கூடாது. எல்லாமே காலை வெயிலுக்கு முன், அல்லது பொழுது சாய்ந்த பின். கரிசல் சேறு அப்பியிருந்தால் மட்டும் முதலில் தண்ணீர் அடித்தே ஆக வேண்டும், அங்கே இந்தச் சிக்கனம் பலிக்காது.

"ஊருணித் தண்ணி நல்ல தண்ணிதான, ரெண்டு வாளி எடுத்தா என்ன?" என்று மருமகன் ஒரு நாள் கேட்டான். டிரைவர் தலையை ஆட்டினார். மழைத்தண்ணீர் தேங்கிய ஊருணியில் உப்பு குறைவுதான். ஆனால் ஊர் குடிக்கிற தண்ணீரில் கால் நனைக்கவே விடமாட்டார்கள். அதில் கார் கழுவுவதா? தண்ணீரின் அருமை தெரிந்த ஊரின் சட்டம் அது. கொட்டகைத் தகரத்தில் விழுந்த ஐப்பசி மழையை டிரம்மில் பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

யாருக்கு எது?

முழு நாளும் வெயிலில் நிற்கும் வண்டி, வாடகை வண்டி, நேரம் இல்லாத மனிதர்: சீலண்ட். சித்திரைக்கு முன் ஒன்று, ஐப்பசி மழைக்கு முன் ஒன்று, வருடத்துக்கு இரண்டு முறை போதும்.

ஷெட்டில் நிற்கும் கார், ஞாயிற்றுக்கிழமை காரைத் தடவிக்கொடுப்பதே சந்தோஷம் என்பவர்: மெழுகு. அந்த மினுமினுப்புக்கு ஈடு இல்லை.

கல்யாண சீசன்: அடியில் சீலண்ட், முகூர்த்தத்துக்கு முதல் நாள் மேலே மெல்லியதாக மெழுகு.

புதுக் கார், கையில் பணம், நாலைந்து வருடம் விற்கப் போவதில்லை: செராமிக்கை யோசிக்கலாம்.

டீசலும் தேங்காயெண்ணெயும் கலந்து துடைப்பவர்: தயவு செய்து நிறுத்திவிடுங்கள். அன்றைக்குப் பளபளக்கும், மறுநாள் ஊர்ப் புழுதி முழுவதும் உங்கள் காரில்தான் இருக்கும்.

பூச்சு இருக்கிறதா போய்விட்டதா என்று பார்க்க ஒரு டம்ளர் நல்ல தண்ணீர் போதும். பானெட்டில் ஊற்றிப் பாருங்கள். ஓடி இறங்கினால் இருக்கிறது. அசையாமல் ஈரமாய் ஒட்டிக்கொண்டு நின்றால் போய்விட்டது. அடுத்த டப்பாவைத் திறக்க வேண்டியதுதான்.

தை மாதம்

தை பிறந்ததும் முகூர்த்தங்கள் தொடங்கின. ஒரு கல்யாண வீட்டார் வண்டி பார்க்க வந்தார்கள். பானெட்டில் பழைய தழும்புகள் இன்னும் ஏழெட்டு இருக்கத்தான் செய்தன. சாய்ந்து பார்த்தால் தெரியும். வந்தவர்கள் சாய்ந்து பார்க்கவில்லை. அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அன்று சாயங்காலம் டிரைவர் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். அத்தை பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு குடம்தானா, இன்னொன்று எடுக்க வருவாரா என்று. வரவில்லை.

"வண்டி நல்லாத்தான் இருக்கு" என்றார் அத்தை, மருமகனிடம் போனில். "ஆனா அந்தத் துணியத் தொவைக்கக் கால் குடம் ஆகுது. அதுக்கும் ஏதாச்சும் வழி இருக்கா ராசா?"

பிரேசில் காட்டில் ஒரு மரம், ஈரத்தைக் காப்பாற்றுவதற்காகத்தான் மெழுகைக் கண்டுபிடித்தது. அதை டப்பாவில் அடைத்து விற்பவர்கள் பளபளப்பை மட்டும் சொல்லி விற்கிறார்கள். தண்ணியில்லாக் காட்டில் காருக்கு எதைப் பூசினாலும், அந்த மரத்தின் காரணத்தை மறக்காமல் பூசினால் போதும்.